அந்தக் கட்டடத்துக்கு நாங்கள் சொன்ன பெயர்கள்

அம்புலன்ஸ் அந்த வாசலில் நின்றதும் என் கணவரின் தம்பி ஓடிப்போய்ப் பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டார். குளிருக்குப் போட்டிருந்த ஜாக்கெட்டை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்தபடி, கோழி குஞ்சுகளை மூடுவதுபோல. மனிதர் ஒல்லி, பலகையோ அகலம். மறைக்க வேண்டிய சொல் அவருடைய காதுக்குப் பக்கத்தில் பெரிய நீல எழுத்தில் அப்படியே தெரிந்துகொண்டிருந்தது. நான் இந்தப் பக்கம் நின்று பல்லைக் கடித்தேன். பேரப்பிள்ளை கண்ட மனிதர் செய்கிற வேலையா இது?

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த என் கணவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. தபால் பிரிக்கும் நிலையத்தில் காலமெல்லாம் விலாசம் வாசித்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். கண்ணில் பட்ட எதையும் வாசிக்காமல் விடமாட்டார். பற்பசைக் குழாயில் இருப்பதையும் வாசிப்பார்.

"ஹொஸ்பிஸ்," என்று வாசித்தார். பிறகு தம்பியைப் பார்த்து, "அதென்னடா ஹொஸ்பிஸ்? வேற ஹொஸ்பிட்டலுக்கு மாத்துறம் எண்டெல்லோ சொன்னனீங்கள்?" என்றார்.

தம்பி என்னைப் பார்த்தார். பாரிசில் இருந்து வந்திருந்த மூத்த மச்சாளும் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். இந்த நாடகத்தை எழுதியது அவர்கள், வசனத்தையும் அவர்களே சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன்.

இந்த நாடகம் ஆரம்பித்தது அதற்கு முந்தின கிழமை. ஆஸ்பத்திரியில் டொக்டர் அவரிடம்தான் முதலில் கேட்டார்: உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்? இங்கே அப்படித்தான் கேட்பார்கள், கதிரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மிக மென்மையாக. இவர் என்ன சொன்னார் தெரியுமா? "டெல் மை வைஃப்" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் வீட்டில் ஆங்கிலத்தில் நடக்கிற எல்லாப் பேச்சுவார்த்தையும் என் தலையில்தான். கவுன்சிலோடு கதைப்பது, காஸ் கம்பனியோடு சண்டைபிடிப்பது, பக்கத்து வீட்டுக்காரனின் நாயைப் பற்றி முறையிடுவது எல்லாம் நான். தன்னுடைய சாவையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்.

டொக்டர் என்னைச் சின்ன அறை ஒன்றுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். புற்றுநோய் ஈரலில் இருந்து எல்லா இடமும் பரவிவிட்டது. இனிக் குணமாக்க மருந்தில்லை. நோவில்லாமல் வைத்திருக்க மருந்து இருக்கிறது. மாதக்கணக்கு இல்லை, கிழமைக்கணக்கு. ஹொஸ்பிஸ் என்ற சொல்லை முதலில் சொன்னது அவர்தான். நான் தலையை ஆட்டினேன். வெளியே வந்து, கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளை இல்லாத வீட்டில் ஆண் படுத்துவிட்டால், முடிவெடுக்க அவனுடைய கூடப்பிறந்தவர்கள் வருவார்கள். வந்தார்கள். பாரிசில் இருந்து மூத்த மச்சாள், சுவிசில் இருந்து தம்பி. நோர்வேயில் இருக்கிற கடைசித் தங்கைக்கு முழங்கால் ஆபரேஷன் செய்து வர முடியாததால், அவர் போன் திரைக்குள் இருந்தபடி வந்தார். லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் முன் அறையில், என் கணவர் வழக்கமாக இருக்கிற கதிரையை வெறுமையாக விட்டுவிட்டு, சுற்றி இருந்து கதைத்தோம்.

"அவனுக்குச் சொல்லப்படாது," என்றார் மச்சாள். கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை. "எங்கட ஐயாவுக்கு டொக்டர் காலமை சொன்னவர். பின்னேரம் ஐயா இல்லை. நான் பக்கத்தில நிண்டனான். சொல்லித்தான் சாகடிச்சவங்கள்."

"மச்சாள், ஐயாவுக்கு மாரடைப்பு. சொல்லாட்டியும் போயிருப்பார்," என்றேன்.

"நீர் அங்க நிண்டனீரோ?"

நான் நிற்கவில்லை. அப்போது நான் அந்தக் குடும்பத்துக்கே வரவில்லை. மச்சாளுக்கு அப்போது பதினாறு வயதாம்; தகப்பனுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அந்தப் பயத்தோடு ஒருவர் பேசும்போது என்ன நியாயத்தைச் சொல்ல?

பிறகு பாதரைப் பற்றிய பேச்சு வந்தது. நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர். எங்கள் ஊர்ப்பக்கத்தில் சாகக் கிடப்பவருக்குக் குருவானவர் எண்ணெய் பூசுவதை அவஸ்தைப் பூசுதல் என்பார்கள். இப்போது பெயரை மாற்றி, நோயில் பூசுதல், எந்த நோயாளியும் வாங்கலாம், அது சாவுக்கு மட்டும் இல்லை என்று கோயிலில் படித்துப் படித்துச் சொல்கிறார்கள். யார் கேட்கிறார்கள்? எங்கள் சனத்துக்குப் பாதர் எண்ணெய்ச் சிமிழோடு படியேறினால் கதை முடிந்தது. என் கணவர் இளவயதில் பாதரோடு அப்படிப் பல வீடுகளுக்குப் போனவர். அவருக்குத் தெரியாதா?

"பாதர் வரப்படாது. செபமாலை சொல்லுற ஆக்களும் வரப்படாது," என்று மச்சாள் முடித்துவிட்டார். இந்தப் பெண் ஒரு நாள் பூசை தவறவிடாதவர். வருடத்துக்கு ஒரு தடவை லூர்துக்குப் போய்க் கான் கானாகத் தண்ணீர் கொண்டுவருகிறவர். சாகக் கிடக்கிற தன் தம்பியின் கட்டிலடிக்குப் பாதர் வரக்கூடாது என்று சொல்கிற முதல் ஆளும் அவரேதான். எங்கள் சனத்துக்கு மட்டும்தான் இப்படி ஒரு மூளை ஓடும்.

அப்போதுதான் நான் ஹொஸ்பிஸ் என்ற சொல்லை எடுத்தேன். அவ்வளவுதான்.

"ஒஸ்பீஸோ!" மச்சாள் எழும்பிவிட்டார். பிரெஞ்சில் முன்னால் வருகிற 'ஹ'வைச் சொல்லமாட்டார்கள். "நான் பிரான்சுக்கு வந்த புதுசில துடைச்ச கட்டடத்தில வாசலுக்கு மேல கல்லில அந்தப் பேரைத்தான் வெட்டி வச்சிருந்தவங்கள். கேக்க ஆளில்லாத கிழடுகட்டையளைக் கொண்டுபோய்த் தள்ளுற இடம். அதுகள் சன்னலுக்குள்ளால பாத்துக்கொண்டே இருக்குங்கள், ஒருத்தரும் வராயினம். என்ர தம்பி என்ன நாதியில்லாதவனோ? பிள்ளை இல்லாட்டி நாதியில்லையோ?"

கடைசிக் கேள்வி எனக்கு. பிள்ளை பெறாதவளுக்கு. எனக்கு உச்சி கொதித்தது. போன் திரைக்குள் இருந்து நோர்வேத் தங்கை அந்த நேரம் பார்த்து, "ஐயோ அக்கா, இஞ்ச ஹொஸ்பிட்ஸ் எண்டால் போதைத்தூள் அடிக்கிற குடுக்காரர் படுக்கிற இடம்! வீடுவாசல் இல்லாமல் றோட்டில நிக்கிறவையை அங்கதான் இரவுக்கு விடுறவை. அண்ணையை அங்கயோ விடப்போறியள்?" என்று ஒப்பாரி வைத்தார்.

சுவிஸ் தம்பி மட்டும் ஆறுதலாக இருந்தார். "ஒருத்தரும் பதறாதேங்கோ. ஹொஸ்பிட்ஸ் எண்டு இப்ப ஆக்கள் சாகிற இடத்தையும் சொல்லுறவைதான். ஆனால் நான் முதல் முதல் கோப்பை கழுவினது மலை உச்சியில இருந்த ஒரு ஹொஸ்பிட்ஸில. அது பழங்காலத்து மடம். பனிக்குள்ளால நடந்து வாறவைக்குச் சூப்புக் குடுத்து, படுக்கை குடுத்து, விடிய மற்றப் பக்கத்தால இறக்கி விடுறது. இப்ப ஹோட்டல் மாதிரி." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அண்ணைக்கு இதைச் சொல்லலாம்," என்றார்.

நான் வேலைசெய்வது கவுன்சில் லைப்ரரி ஒன்றில். அடுத்த நாள் லீவு சொல்லப் போனபோது, யாரும் தொடாத தடித்த அகராதிகளை இறக்கி வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். ஆற்றாமை வந்தால் சிலர் சமைப்பார்கள், சிலர் கூட்டுவார்கள். எனக்கு எதையாவது தேடிப் பார்க்க வேண்டும்.

லத்தீனில் ஹொஸ்பெஸ் என்று ஒரு சொல். வீடு தேடி வந்தவனுக்கும் அதுதான் பெயர், அவனை உள்ளே கூப்பிட்டவனுக்கும் அதுதான் பெயர். அதில் இருந்துதான் ஹொஸ்பிட்டல், ஹோட்டல், ஹொஸ்டல், இந்த ஹொஸ்பிஸ் எல்லாம் வந்தன. இன்னும் ஆழத்துக்குப் போனால் அதற்கு ஒரு ஒன்றுவிட்ட சகோதரம் இருக்கிறது, ஹொஸ்டிஸ். அதற்கு முதலில் அந்நியன் என்று பொருளாம், பிறகு எதிரி. வாசலில் வந்து நிற்கிறவனை விருந்தாளி என்பதா விரோதி என்பதா என்று அப்போதே குழம்பியிருக்கிறார்கள். இந்த நாட்டின் இமிக்ரேஷன் வரிசையில் நின்றவர்களுக்கு அதை அகராதி பார்த்துத் தெரிய வேண்டியதில்லை.

முதலில் அது வழிப்போக்கருக்கான இடம். யாத்திரை போகிறவர்களுக்கு, மலை கடக்கிறவர்களுக்குத் துறவிகள் வைத்திருந்த மடம். ஜெர்மன் பேசும் மலைக்காரர் அந்தப் பொருளை விடவில்லை. பிரான்சில் அதே வீட்டில் பயணிகள் குறைந்து அநாதைகளும் கிழவர்களும் நிறைந்தார்கள். இத்தாலிக்காரருக்கும் அது முதியோர் இல்லம்தான். நோர்வேயில் அது மலிவான விடுதியாகி, பிறகு போக்கிடம் இல்லாதவர்களின் விடுதியாகி இறங்கிவிட்டது. சாகிறவர்கள் நோவில்லாமல் சாகிற இடம் என்ற பொருள் நன்றாக வேர்பிடித்தது இங்கே, லண்டனில். வயதானவர்களுக்கு நினைவிருக்கிற காலத்துக்குள்தான். இங்கிருந்துதான் அது மற்ற நாடுகளுக்கும் போயிருக்கிறது. அப்படியென்றால் முன் அறையில் இருந்து கத்தியவர்களில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், அகதியாய்ப் போய் ஒவ்வொருவரும் ஒதுங்கிய நாட்டில் அந்தச் சொல் எப்படி இருந்ததோ அப்படியே அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் கணவர் ஒதுங்கிய நாட்டில் அதன் பொருள்தான் அவருக்குத் தெரியாமல் இருந்தது.

பலகைக்கு முன்னால் நின்ற தம்பி அண்ணனுக்குச் சொன்னது இந்த மலை மடத்துக் கதையைத்தான். "ஹொஸ்பிட்டலும் ஹோட்டலும் கலந்தது அண்ணை. களைச்சு வாற ஆக்கள் கொஞ்ச நாள் தங்கி, உடம்பைத் தேத்திக்கொண்டு வெளிக்கிடுறது. நான் வேலைசெய்த இடமும் இதே பேர்தானே, ஞாபகமில்லையே?"

"ஓமோம், அந்தப் பனி மலையில," என்றார் இவர். முகம் தெளிந்துவிட்டது. "அப்ப நல்ல இடம்தான்."

தம்பி சொன்னால் அவருக்கு வேதவாக்கு.

நல்ல இடம்தான். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். தோட்டத்தைப் பார்த்த அறை. நேர்ஸ்மார் கதவைத் தட்டிவிட்டு வந்தார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு சின்னப் பெட்டியில் இருந்து மோர்ஃபின் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. மாதக்கணக்காக நோவில் வளைந்து கிடந்த மனிதர் காலை நீட்டிப் படுத்தார். பசிக்கிறது என்றார். நான் இடியப்பமும் சொதியும் கொண்டுபோனேன், இரண்டு வாய் சாப்பிட்டார். பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "முகம் நல்லாத் தெளிஞ்சிருக்கு அண்ணை, கெதியா வீட்டை வந்திடுவீங்கள்," என்று சொல்லிவைத்ததுபோலச் சொன்னார்கள். சொல்லித்தான் வைத்திருந்தது. மச்சாள் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் பாடம் சொல்லிக்கொடுத்து உள்ளே விட்டார். நோவு இல்லாததால் என் கணவருக்கும் அது உண்மைபோலத் தெரிந்தது. எனக்கே சில நேரம் தெரிந்தது.

நான் சொல்ல வேண்டியது இனித்தான் வருகிறது.

என் கணவர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவார், ஆனால் பாதர் கொடுக்கிற அப்பத்தை, நன்மையை, வாங்கமாட்டார். எல்லாரும் வரிசையில் எழும்பிப் போகும்போது இவர் காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டுவிட்டு, முழங்காலில் இருந்துவிடுவார். கலியாணம் முடித்த காலத்தில் இருந்து அப்படித்தான். எங்கள் கலியாணப் பூசையில் வாங்கினாரே என்று கேட்டிருக்கிறேன். "அண்டைக்கு வாங்கினது இன்னும் பிழை," என்றார். பெரிய பாவத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் சொல்லாமல் நன்மை வாங்கக்கூடாது என்பது எங்கள் முறை. ஊரில், சண்டைக் காலத்தில், என்னைக் காண்பதற்கு முன் ஏதோ நடந்திருக்கிறது. என்னவென்று சொன்னதில்லை. நான் தோண்டித் தோண்டிக் கேட்டும், கோபித்தும், கதைக்காமல் இருந்தும் பார்த்தேன். "அது பாதரிட்ட சொல்லவேண்டியது. ஒரு நாளைக்குச் சொல்லத்தான் போறன்," என்பார். நானும் விட்டுவிட்டேன்.

அந்த அறைக்கு வந்த பிறகு அவரே பேச்சை எடுத்தார். ஒரு மத்தியானம் நான் அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சாரும்," என்றார். "வீட்டை வந்த உடன முதல் வேலை பாவசங்கீர்த்தனத்துக்குப் போறது. முடிவெடுத்திட்டன்."

நான் நகவெட்டியைக் கீழே வைத்தேன். "ஏன் வீட்டை வருமட்டும்? பாதரை இஞ்ச வரச் சொல்லட்டே?"

"விசர்க் கதை கதையாதையும். பாதரைக் கட்டிலடிக்குக் கூப்பிட நான் என்ன சாகப்போற ஆளே? இது படுத்துக்கொண்டு சொல்லுற விஷயம் இல்லை. கோயிலுக்குப் போய், முழங்கால்ல இருந்து சொல்லவேணும். இவ்வளவு காலம் பொறுத்தனான், இன்னும் ரெண்டு கிழமை பொறுக்க மாட்டனே?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் அப்படி இலேசாகச் சிரித்து நான் கண்டு கனகாலம். அந்த இடத்தில் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். நினையுங்கள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கதவடியில் மச்சாள் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், பதினாறு வயதுக் கண்ணோடு.

வெளியே வந்து அவரைக் கொரிடோரில் பிடித்துக்கொண்டேன். "மச்சாள், அவருக்கு மனசில ஒரு பாரம் இருக்கு. அதை இறக்கவேணும். நேரமில்லை. பாதர் வரட்டும்."

"பாரம் ஆருக்கு இல்லை? கடவுளுக்குத் தெரியாதே? கடவுள் மன்னிப்பார். பாதரைக் கண்டு அவன் பயந்து செத்தானெண்டால் உம்மை நான் மன்னிக்கமாட்டன்."

நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் பாதரைத் தனியாகப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். இளம் பாதர், மன்னார்ப் பக்கத்தவர், பொறுமையாகக் கேட்டார். வெள்ளை அங்கி வேண்டாம், சாதாரண சேர்ட்டோடு வாருங்கள், எண்ணெய்ச் சிமிழைப் பொக்கற்றுக்குள் வையுங்கள், சும்மா வருத்தம் பார்க்க வந்ததுபோல இருங்கள், மற்றதை அவரே கதைப்பார் என்றேன். "ஓம் அக்கா, செவ்வாய்க்கிழமை வாறன்," என்றார். மச்சாளிடம் நான் மூச்சு விடவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் இருந்து அறையைவிட்டு அசையவில்லை. மத்தியானம் கழிந்தது. பாதரைக் காணவில்லை. இவருக்கு உடுக்க மாற்றுச் சறமும் எனக்குக் குளியலும் வேண்டியிருந்தது. பஸ்ஸில் வீட்டுக்கு ஓடிப்போய், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன். மச்சாள் கட்டிலடியில் இருந்தார். "ஆரும் வந்தவையோ?" என்று கேட்டேன். "ஒருத்தரும் வரேல்லை," என்றார்.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். கோயில் திருவிழாவுக்குக் காசு சேர்க்க வீடு வீடாக வரத் தெரியும், சாகக் கிடக்கிறவனைப் பார்க்க வர நேரமில்லை! அடுத்த நாள் மச்சாள் என்னைப் பார்மசிக்கு அனுப்பினார், பால் வாங்க அனுப்பினார். போய் வந்தேன். வந்தும் கேட்டேன். ஒருவரும் வரவில்லை. பாதருக்குப் போன் எடுக்க இரண்டு தடவை போனைக் கையில் எடுத்து, வரவேண்டும் என்று இருந்தால் வந்திருப்பார் என்று வைத்துவிட்டேன். என்னுடைய வீம்பு அப்படி.

வியாழக்கிழமை காலையில் அவருடைய மூச்சு மாறியது. நேர்ஸ் வந்து பார்த்துவிட்டு என் தோளில் கையை வைத்தார். நான் மச்சாளைத் தள்ளிவிட்டுப் போய்ப் பாதருக்குப் போன் எடுத்தேன். அவர் அப்டன் பார்க்கில் ஒரு வீட்டில் நின்றார். லண்டனின் அந்தக் கரையில் இருந்து இந்தக் கரைக்கு வரவேண்டும். உடனே வெளிக்கிட்டார். என் கணவர் ஒரு தடவை கண்ணைத் திறந்தார். "வெளிக்கிடுவமே?" என்று கேட்டார். வீட்டுக்கு என்று நினைத்தாரோ என்னவோ. நான், "ஓம், வெளிக்கிடுவம்," என்றேன். பாதர் வந்தபோது எல்லாம் முடிந்து, நேர்ஸ் சன்னலைத் திறந்து விட்டிருந்தார். பாதர் எண்ணெய்ச் சிமிழை வெளியே எடுக்கவில்லை. எண்ணெய் உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான். மரித்தவருக்கான செபத்தைச் சொன்னார்.

செபம் முடிந்ததும் நான் அவரிடம் பாய்ந்தேன். மச்சாளும் தம்பியும் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. "செவ்வாய்க்கிழமை வாறன் எண்டனீங்கள் பாதர்! ஏன் வரேல்லை?"

பாதர் என்னைப் பார்த்தார், பிறகு மச்சாளைப் பார்த்தார். "வந்தனான் அக்கா," என்றார். "செவ்வாயும் வந்தனான், புதனும் வந்தனான். ரெண்டு நாளும் இவ கதவடியில நிண்டு, நித்திரை கொள்ளுறார், எழுப்பக் கூடாது எண்டு சொன்னவ. நீங்கள்தான் அப்படிச் சொல்லச் சொன்னதெண்டும் சொன்னவ."

மச்சாள் மறுக்கவில்லை. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சுவரோடு சரிந்து கீழே இருந்துவிட்டார். "நித்திரை இல்லை," என்றார். யாரும் கேட்காமலே சொன்னார். "முழிச்சுக்கொண்டுதான் கிடந்தவன். பாதரின்ர குரல் கேட்டு, ஆரக்கா எண்டு கேட்டவன். இடம் மாறி வந்த ஆக்கள் எண்டு சொன்னன். அவன் பயந்திடுவான் எண்டு... ஐயாவைப் போல..."

நான் அந்தப் பெண்ணை அடித்திருப்பேன். தம்பி நடுவில் வந்து நின்றார். கட்டிலில் அவர் கண்ணாடியோடு கிடந்தார். எத்தனையோ வருடம் சுமந்ததை ஒரு ஆளிடம் சொல்லத் துணிந்து, அந்த ஆள் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பது தெரியாமலே, அடுத்த கிழமை வீட்டுக்குப் போகிற நினைப்போடு கிடந்தவர். அது என்ன பாரம் என்று இனி எனக்கும் தெரியப்போவதில்லை. ஒருவரைக் கொன்றாரோ, காட்டிக்கொடுத்தாரோ, கைவிட்டு ஓடிவந்தாரோ. எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டேன், இப்போதும் யோசிக்கிறேன். எதுவாக இருந்தாலும் அந்த மனிதரோடுதான் நான் வாழ்ந்தேன்.

கடவுள் நன்மனதைப் பார்த்துக்கொள்வார், ஆசைப்பட்டதே போதும் என்று பாதர் பிறகு பலமுறை ஆறுதல் சொன்னார். இருக்கலாம். அவருக்குப் போதும், எனக்குப் போதவில்லை. அடக்கம் முடிந்த அன்றே மச்சாளை ரயிலேற்றிவிடச் சொன்னேன். வாசலில் நின்று என் கையைப் பிடிக்க வந்தார். நான் கையைக் கொடுக்கவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்கும் வரவேண்டாம் என்று தம்பியிடம் சொல்லி அனுப்பினேன்.

அதன்பிறகு எங்களுக்குள் கதை இல்லை. நத்தாருக்கு அவர் எடுக்கிற போனை எடுக்கமாட்டேன். உறவுக்குள் பலர் சமாதானம் பேசிப் பார்த்தார்கள். வயதான மனுசி, அன்பால் செய்தது என்றார்கள். அன்பு! அந்த அன்பை ஒரு போத்தலில் போட்டு மூடிவைக்கட்டும் என்றேன்.

போன மாசிமாதம் பாரிசில் இருந்து அவருடைய மகன் போன் எடுத்தான்.

"மாமி, அம்மாவுக்கு ஏலாது," என்றான். கணையத்தில் என்றான். முற்றிவிட்டது என்றான். "வேற இடத்துக்கு மாத்திட்டம். அந்த... கடைசி நேரத்தில வைக்கிற இடம். அம்மாவுக்குத் தெரியாது. ஆபரேஷன் முடிஞ்ச ஆக்கள் ஒரு மாதம் இருந்து தேறிப் போற இடம் எண்டு சொல்லி வச்சிருக்கிறம்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"உங்களோட கதைக்கவேணும் எண்டு ஒரே அழுகை மாமி. குடுக்கிறன். ப்ளீஸ், ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. அம்மா தாங்கமாட்டா."

போன் கைமாறியது. பின்னால் பிரெஞ்சில் யாரோ தொலைக்காட்சியில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மச்சாள்," என்றார். அந்த அதிகாரக் குரல் எங்கே போனதோ, நூலாகி இருந்தது. "எடுத்திட்டீரே. எனக்கு இஞ்ச நல்ல கவனிப்பு. நோவும் இல்லை இப்ப. வாற மாதம் வீட்டை போகலாமாம். சுகமாகி வந்து, லூர்துக்குப் போய் எல்லாத்தையும் சொல்லி, பாவசங்கீர்த்தனம் செய்யவேணும். அதுக்குப் பிறகு லண்டனுக்கு வந்து உம்மட காலில விழவேணும்."

ஒரு நிமிடம் எனக்குப் பேய் பிடித்தது. உண்மையைத்தான் எழுதுகிறேன். "ஓம் மச்சாள், கெதியா வீட்டை போயிடுவீங்கள்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தால் போதும். அவர் தன் தம்பிக்குச் செய்ததை அப்படியே திருப்பிக் கொடுத்ததாகிவிடும். மகனும் நன்றி சொல்லுவான். அந்த வசனம் நாக்கில் வந்து நின்றது. கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, இன்னும் இரண்டு கிழமை பொறுக்கமாட்டேனா என்று சிரித்த முகம் கண்ணுக்குள் வந்தது. என்னால் முடியவில்லை.

"மச்சாள்," என்றேன். "லூர்துக்குப் போகுமட்டும் வச்சுக்கொண்டிருக்காதேங்கோ. பாதரை அங்க கூப்பிடுங்கோ. இண்டைக்கே கூப்பிடுங்கோ."

தொலைக்காட்சிச் சிரிப்பு மட்டும் கேட்டது. போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறவில்லை. மூச்சு கேட்டது.

"இண்டைக்கேவோ," என்றார்.

"ஓம் மச்சாள். இண்டைக்கே."

அவர் அழவில்லை. மகனைக் கூப்பிடவும் இல்லை. பக்கத்தில் யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல, மெதுவாகக் கேட்டார்.

"அங்க, மேல போனால் தம்பியிட்ட நான் என்ன சொல்லுறது மச்சாள்?"

தெரியாது என்றுதான் சொன்னேன்.